போர்களை எண்ணியவர்

அப்பாவுக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. ஆபீஸுக்குப் பின்னால் கம்பிவேலி போட்ட சின்னச் சதுரத்துக்குள் ஒரு மழைமானி நிற்கும். காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மில்லிமீட்டர் கணக்கைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது உண்மையில் வேறு ஒருவருடைய வேலை. அவர் நேரத்துக்கு வரமாட்டார் என்று அப்பா ஒருநாள் எழுதினார். பிறகு அது அவருடைய வேலையாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். விடுமுறை நாட்களில் நானும் கேரியரில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

"இத வச்சு என்னப்பா செய்வாங்க?"

"மேல அனுப்புவோம்."

"மேலன்னா?"

"கலெக்டர் ஆபீஸ். அங்கேருந்து மெட்ராஸ்."

"அங்க என்ன செய்வாங்க?"

"அது நமக்கு எதுக்குலே? நம்ம எழுதுதது ஒழுங்கா இருக்கணும், கேட்டியா? அவ்ளோதான்."

ஓய்வு பெற்ற பிறகும் அவரால் அதை விட முடியவில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் ஒரு தகர டின்னை மொட்டை மாடியில் செங்கற்களுக்கு நடுவே வைத்தார். என்னுடைய பழைய ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை அதற்குள் விட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினார். இந்த முறை மேலே அனுப்புவதற்கு யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி இன்னும் டூட்டியிலதான் இருக்காரு" என்பார் எதிர்வீட்டு மாமா.

2016-ல் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தேன். வடக்கே ஒரு நிறுவனத்தில் இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வு, நான்காவது வருடம், பாதியில். கொந்தளிப்பான பாய்வுகளைப் பற்றிய ஆய்வு அது. ஒரு திரவமோ வாயுவோ அமைதியாக அடுக்கடுக்காக ஓடுமா, சுழித்துக் கலங்குமா என்று சொல்ல ஒரு எண் உண்டு. அதன் பெயர் ரிச்சர்ட்சன் எண். என் கணினி நிரலில் அதை இரண்டு எழுத்துகளாகச் சுருக்கி ஆயிரம் தடவையாவது தட்டச்சு செய்திருப்பேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஆய்வை விட்ட பிறகுதான், சொல்லப்போனால் இனி அந்த எண்ணால் எனக்கு எந்தப் பயனும் இல்லை என்றான பிறகுதான், அந்த மனிதரைப் படிக்க ஆரம்பித்தேன்.

*

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1881 அக்டோபர் 11 அன்று இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசி. அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். குடும்பம் குவேக்கர் மரபைச் சேர்ந்தது. எந்தப் போரிலும் ஆயுதம் ஏந்துவதில்லை என்பதை மதக் கடமையாகவே கொண்ட கிறிஸ்தவப் பிரிவு அது. ரிச்சர்ட்சனின் வாழ்க்கையில் நடந்த எல்லாத் திருப்பங்களுக்கும் இந்த ஒரு விஷயம் அடியில் கிடக்கிறது.

கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் படித்து 1903-ல் முதல் வகுப்பில் தேறினார். அதற்கடுத்த பத்து வருடங்களில் அவர் பார்த்த வேலைகளின் பட்டியலை முதன்முதலாகப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தேசிய இயற்பியல் ஆய்வகம், வேல்ஸில் ஒரு கல்லூரி, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரிமண்ணை எடுக்கும் நிறுவனத்தில் வேதியியலாளர், மறுபடியும் ஆய்வகம், மின்விளக்குக் கம்பெனி, மான்செஸ்டரில் ஒரு கல்லூரி. எங்கேயும் நிலைகொள்ளவில்லை. நம் ஊராக இருந்தால் "அவனுக்குக் காலில் சனி" என்று சொல்லி ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

ஆனால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் அவர் ஒன்றைக் கையோடு எடுத்து வந்தார். சதுப்புநிலத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால்களை எப்படி வெட்டுவது என்பது பீட் கம்பெனியில் வந்த கேள்வி. அதற்கான சமன்பாடுகளைத் துல்லியமாகத் தீர்க்க வழியில்லை. ரிச்சர்ட்சன் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெறும் கூட்டல் கழித்தல் பெருக்கலால் தோராயமான விடையைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கினார். பிறகு அதையே அஸ்வான் போன்ற கல் அணைக்கட்டுகளுக்குள் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடப் பயன்படுத்தினார். கணக்குப் போட ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, போட்ட கணக்குக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார். அந்தக் கட்டுரையைக் கிங்ஸ் கல்லூரியில் ஆய்வுப் பதவிக்குச் சமர்ப்பித்தபோது, இது வெறும் தோராயக் கணிதம்தானே என்று மதிப்பீட்டாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். பதவி கிடைக்கவில்லை. இன்று விமான இறக்கையிலிருந்து பாலம் வரைக்கும் எதை வடிவமைத்தாலும், கணினிக்குள் நடப்பது பெரும்பாலும் இந்த மாதிரியான கட்டம் கட்டும் வேலைதான்.

அவரைப் பற்றிய கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது குடைக் கதை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. பனிப்பாறை இருட்டில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒலி அதில் பட்டுத் திரும்பி வருமே என்று ரிச்சர்ட்சன் யோசித்தார். வைட் தீவில், மனைவி டோரதி துடுப்புப் போட, படகில் உட்கார்ந்து விசில் ஊதினார். கடலுக்குள் நீண்டிருந்த பாலத்தில் பட்டுத் திரும்பிவரும் எதிரொலியைப் பிடிக்க, விரித்த குடையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். காற்று, நீர் இரண்டிலும் எதிரொலியால் தடைகளைக் கண்டறியும் முறைக்கு அந்த ஆண்டே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தயாரிக்க யாரும் முன்வராததால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கரையில் நின்று அன்று அந்தத் தம்பதியைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. எங்கள் மொட்டை மாடியை எதிர்வீட்டு மாமா பார்த்த மாதிரிதான் பார்த்திருப்பார்கள்.

*

1913-ல் வானிலைத் துறையில் வேலை கிடைத்தது. ஸ்காட்லாந்தின் தெற்கே எஸ்க்டேல்முயர் என்ற, மனித நடமாட்டம் குறைந்த, ஓயாமல் மழை பெய்யும் இடத்தில் ஆய்வு நிலையத்தின் கண்காணிப்பாளர். ஒரு ஆராய்ச்சியாளருக்கு வேறென்ன வேண்டும்? வீடு, சம்பளம், அமைதி, யோசிக்க நேரம். அங்கேதான் வானிலையைக் கணக்குப் போட்டே முன்னறியும் திட்டத்தைத் தொடங்கினார். அன்றைக்கு வானிலைக் கணிப்பு என்பது, இன்றைய வரைபடத்தைப் போன்ற பழைய வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து, அன்று அடுத்த நாள் என்ன நடந்ததோ அதுவே இப்போதும் நடக்கும் என்று சொல்வது. ரிச்சர்ட்சன் அதை ஏற்கவில்லை. காற்று இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் இவை இந்த நொடியில் என்ன என்று தெரிந்தால் அடுத்த சில மணி நேரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்றார்.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1916-ல் அந்த வேலையை விட்டார். இது அவருடைய முதல் விலகல். துப்பாக்கி தூக்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. வீட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கவும் அதே மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து, பிரெஞ்சுக் காலாட்படைப் பிரிவோடு இணைக்கப்பட்ட பதின்மூன்றாம் வண்டித்தொடரில் ஓட்டுநரானார். அறிவியல் புனைவு எழுத்தாளர் ஓலாஃப் ஸ்டேபிள்டன் அதே தொடரில் வண்டி ஓட்டினார். குண்டு விழும் சாலைகளில் காயம்பட்டவர்களை ஏற்றி வருவது வேலை. ஓய்வு நேரத்தில், குளிரில், வைக்கோல் குவியலின் மேல் உட்கார்ந்து ரிச்சர்ட்சன் கணக்குப் போட்டார்.

அவர் எடுத்துக்கொண்டது 1910 மே 20, காலை 7 மணி. அந்த நாளுக்கான ஐரோப்பிய அளவீடுகள் ஓரளவு முழுமையாகக் கிடைத்தன. ஜெர்மனியில் ஓர் இடத்தில், ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும்? ஏற்கெனவே கடந்துபோன ஒரு நாளின் ஆறு மணி நேரத்தைக் கணக்கிட அவருக்கு ஆறு வாரங்கள் ஆயின. வந்த விடை, அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்பது. கடும்புயல் கடந்து போகும்போதுகூட அழுத்தம் அவ்வளவு மாறாது. உண்மையில் அன்று அங்கே அழுத்தம் ஏறக்குறைய அசையாமல் இருந்தது.

இதற்கு நடுவே, 1917-ல் ஷாம்பேன் போரின்போது அந்தக் கையெழுத்துப் பிரதி தொலைந்தும் போனது. சில மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து கிடைத்தது.

நானாக இருந்தால் அது தொலைந்ததே நல்லது என்று இருந்திருப்பேன். ரிச்சர்ட்சன் அதை 1922-ல் புத்தகமாக வெளியிட்டார். தவறான அந்த எண்ணை மறைக்கவில்லை. ஒவ்வொரு படியையும், ஒவ்வொரு அட்டவணையையும் அச்சிட்டு, பிழை ஆரம்ப அளவீடுகளில் உள்ள காற்று விவரங்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று தன் ஊகத்தையும் எழுதினார். அந்த ஊகம் சரியான திசையில்தான் இருந்தது. அளவீடுகளில் அழுத்தமும் காற்றும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாத சிறு முரண்கள் இருந்தன. நிஜ வளிமண்டலத்தில் அவை வேகமான சிற்றலைகளாக ஓடிக் கரைந்துவிடும். அவருடைய கணக்கு, அந்த ஒரு கணத்துச் சிற்றலையின் வேகம் ஆறு மணி நேரமும் அப்படியே நீடிக்கும் என்று எடுத்துக்கொண்டது. பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் லிஞ்ச், அதே அளவீடுகளில் அந்த முரணை மட்டும் சமன்செய்துவிட்டு அதே கணக்கைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார். மாற்றம் 1 ஹெக்டோபாஸ்கலுக்கும் குறைவாக வந்தது. எழுதியவர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்ததால்தான் அப்படிச் சரிபார்க்க முடிந்தது.

அதே புத்தகத்தில் ஒரு பக்கத்தில் அவர் கனவும் காண்கிறார். பெரிய அரங்கம். சுவர் முழுக்க உலக வரைபடம். 64,000 மனிதர்கள் அவரவர் பகுதிக்கான கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடுவே உயரமான மேடையில் ஒருவர் நின்று, முந்தி ஓடுபவர்கள் மேல் ஒரு நிற ஒளியையும் பிந்துபவர்கள் மேல் இன்னொரு நிற ஒளியையும் பாய்ச்சி எல்லோரையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கிறார். வெளியே விளையாட்டுத் திடல்கள், மலை, ஏரி. வானிலையைக் கணக்கிடுபவர்கள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டாமா என்று. இன்றைய மீக்கணினிகள் செய்வது ஏறக்குறைய இதைத்தான், அந்த ஏரி ஒன்றைத் தவிர.

இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆய்வை விட்டதற்குக் காரணம் கேட்பவர்களிடம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். கைடு சரியில்லை, நிதி வரவில்லை, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. உண்மை இதுதான். மூன்று வருடங்களாக நான் உருவாக்கிய நிரல் தவறான விடை தந்துகொண்டிருந்தது. எங்கே தவறு என்று எனக்குத் தெரியவில்லை. அதை யாரிடமும் சொல்லாமல், கருத்தரங்குகளில் நன்றாக வந்த வரைபடங்களை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்தக் கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்தேன்.

*

போர் முடிந்து ரிச்சர்ட்சன் வானிலைத் துறைக்குத் திரும்பினார். 1920-ல் அந்தத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. விமான அமைச்சகம் என்றால் விமானப்படை. அவர் ராஜினாமா செய்தார். அது இரண்டாவது விலகல். வீட்டில் மனைவி, அந்த வருடங்களில் தத்தெடுக்கத் தொடங்கிய குழந்தைகள். லண்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இயற்பியல் துறைத் தலைவராகச் சேர்ந்தார். ஆராய்ச்சிக் கூடம் கிடையாது. பாடம் நடத்துவதுதான் வேலை.

காற்றுச் சுழல்களைப் பற்றிய அவருடைய சிறந்த வேலை அங்கிருந்தபடிதான் நடந்தது. பெரிய சுழல் சிறிய சுழல்களுக்குத் தன் ஆற்றலைக் கொடுக்கிறது, அவை இன்னும் சிறியவற்றுக்கு, இப்படியே போய்க் கடைசியில் வெப்பமாகக் கரைகிறது என்ற சித்திரம் அவருடையது. அதை நாலு வரி விளையாட்டுப் பாட்டாகவும் எழுதி வைத்தார். காற்றில் இரண்டு துகள்கள் எவ்வளவு வேகத்தில் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து போகும் என்பதற்கு 1926-ல் அவர் கண்ட விதி இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

பிறகு ஒன்று நடந்தது. புகை எப்படிப் பரவும் என்று தெரிந்தால் விஷவாயு எப்படிப் பரவும் என்றும் தெரியும். நச்சுவாயுவில் ஆர்வம் கொண்டவர்கள் தன் ஆய்வைத் தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் வானிலை ஆய்வையே நிறுத்தினார். அச்சுக்குப் போகாமல் இருந்ததை அழித்தார். டோரதிக்கு அது மிகுந்த வேதனை தந்த காலம்.

இதைப் பற்றி ஒருமுறை நண்பனிடம் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என்னோடு ஆய்வு செய்தவன், இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். முழுவதும் கேட்டுவிட்டு, "நீயும் அழிச்சிட்டுத்தானடா வந்த?" என்றான். கேலியாகச் சொன்னானா, ஆறுதலாகச் சொன்னானா தெரியவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. அவர் அழித்தது சரியாக இருந்ததை. தவறாக வந்ததை அச்சிட்டார். நான் தவறாக வந்ததை அழித்தேன். ஆய்வை விட்டு வெளியேறிய ஒவ்வொருவனும் தன்னை ஒரு தியாகியாகக் கற்பனை செய்துகொள்ளும் காலம் ஒன்று உண்டு. எனக்கு அன்றோடு அது முடிந்தது.

*

நாற்பது வயதுக்கு மேல் ரிச்சர்ட்சன் மாணவராகி, 1929-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலில் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். காரணம் போர். ஆம்புலன்ஸ் ஓட்டிய நாட்களிலேயே போரின் கணித உளவியலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, 1919-ல் சொந்தச் செலவில் அச்சிட்டு, வண்டித்தொடரின் தோழர்களுக்குச் சமர்ப்பித்திருந்தார். அது யாருடைய கவனத்துக்கும் வரவில்லை. 1929-லிருந்து ஸ்காட்லாந்தின் பேஸ்லியில் தொழில்நுட்பக் கல்லூரி முதல்வர். 1940-ல், இன்னொரு உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, 58 வயதில் அந்தப் பதவியிலிருந்தும் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். மூன்றாவது விலகல். அதற்குப் பிறகு அவருக்கு நிறுவனம் கிடையாது, சக ஊழியர் கிடையாது, மாணவர் கிடையாது. கில்மன் என்ற கடலோரச் சிற்றூரில் ஒரு வீடு. போர்கள் ஏன் நடக்கின்றன என்ற ஒரே கேள்வி.

முதலில் ஆயுதப் போட்டி. நீ வாங்கினால் நான் வாங்குகிறேன். செலவு கையைக் கடிக்கிறது, அதனால் கொஞ்சம் தயங்குகிறேன். பழைய பகை ஒன்று எப்போதும் அடியில் இருக்கிறது. இந்த மூன்றையும் இரண்டு எளிய சமன்பாடுகளாக எழுதினார். தயக்கத்தைவிட அச்சத்தின் வேகம் அதிகமானால் இரண்டு பக்கமும் எல்லையில்லாமல் ஏறும். 1909 முதல் 1913 வரையிலான ஐரோப்பிய ராணுவச் செலவுகளை அதில் பொருத்திக் காட்டினார். இது விதி அல்ல, மனிதர்கள் நின்று யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதன் சித்திரம் மட்டுமே என்பதையும் அவரே தெளிவாகச் சொன்னார்.

அடுத்தது எண்ணிக்கை. 1820-க்குப் பிறகு உலகில் மனிதனை மனிதன் கொன்ற எல்லா மோதல்களையும் பட்டியலிடத் தொடங்கினார். எது போர், எது கலகம், எது படுகொலை என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. வென்றவன் ஒன்று சொல்வான், தோற்றவன் ஒன்று சொல்வான். ரிச்சர்ட்சன் அந்தப் பெயர்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு 'உயிர்ப்பலி கொண்ட சண்டைகள்' என்று ஒரே தலைப்பின் கீழ் வைத்தார். ஒரு கொலையும் ஒரு சண்டை, உலகப்போரும் ஒரு சண்டை. இறந்தவர் எண்ணிக்கையின் மடக்கைதான் அளவு. ஒருவர் இறந்தால் அளவு 0. ஆயிரம் பேர் என்றால் 3. கோடி என்றால் 7. நிலநடுக்கத்தை அளப்பது மாதிரி. இதில் ஒரு நேர்மை உண்டு. இறந்தவர்கள் 8,000-மா 12,000-மா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போடட்டும், அளவு 4 என்பது மாறாது. தனக்கு எவ்வளவு துல்லியம் கிடைக்குமோ அதற்கு மேல் அவர் கோரவில்லை.

1945 வரையிலான கணக்கில் 7 என்ற அளவில் இருந்தவை இரண்டு உலகப்போர்கள் மட்டுமே. இந்த வகையில் செத்த மொத்த மனிதர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் அந்த இரண்டில் செத்தார்கள். அதற்கடுத்த பெரிய எண்ணிக்கை இன்னொரு கோடியில் இருந்தது. ஒருவர் இருவராகச் செத்த சாதாரணக் கொலைகள், கிட்டத்தட்ட 97 லட்சம். நடுவில் இருந்த, நாம் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்யும் போர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போர்களுக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தார். ஒரே மொழி பேசினால் சண்டை குறையுமா? இதற்காகவே உலகுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்று நம்பியவர்கள் அக்காலத்தில் நிறையப் பேர். கணக்கு அதை ஆதரிக்கவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக நின்றது. அதிக நாடுகளோடு எல்லையைப் பகிரும் நாடு அதிகப் போர்களில் ஈடுபட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனோடுதான் சண்டை. ஊரில் வரப்புத் தகராறு பார்த்த யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

இந்த ஆய்வின்மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அவருக்குக் கிடைத்த ஆவணங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்ட வரலாறுகள். காலனி நாடுகளில் செத்தவர்களை யார் சரியாக எண்ணினார்கள்? பஞ்சத்தில் சாகவிட்டால் அது சண்டைக் கணக்கில் வருமா? வராது. அடித்தவனையும் அடி வாங்கியவனையும் ஒரே வரிசையில் வைக்கும்போது நியாயம் என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போகிறது என்று சொன்னால், அதையும் மறுக்க முடியாது. ஆனால் பிணங்களைக்கூடத் தன் கட்சிக்கு ஏற்றபடி எண்ணும் உலகில், முதலில் எல்லாவற்றையும் எண்ணிவிடுவோம் என்று ஒருவர் உட்கார்ந்தார். அவரை வைத்துக்கொண்டுதான் அவரோடு சண்டை போட முடிகிறது.

*

எல்லைகளைப் பற்றிய அந்தக் கேள்விக்காக அவருக்கு நாடுகளின் எல்லை நீளங்கள் தேவைப்பட்டன. புத்தகங்களைப் புரட்டினால் ஒரே எல்லைக்கு இரண்டு விதமான நீளங்கள். ஸ்பெயின்-போர்ச்சுகல் எல்லை ஒரு நூலில் 987 கிலோமீட்டர், இன்னொன்றில் 1,214. நெதர்லாந்து-பெல்ஜியம் எல்லை 380 அல்லது 449. வேறு யாராக இருந்தாலும் அச்சுப்பிழை என்று சராசரி எடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ரிச்சர்ட்சன் கவராயத்தை எடுத்து வரைபடத்தின் மேல் நடத்தினார். கவராயத்தின் காலைக் குறுக்கக் குறுக்க, வளைவுக்குள் வளைவு புகுந்து, நீளம் கூடிக்கொண்டே போனது. பிரிட்டனின் மேற்குக் கடற்கரைக்கு 'உண்மையான' நீளம் என்று ஒன்று நிலைக்கவே இல்லை.

அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு 1961-ல் ஒரு தொகுப்பில் வெளியாகி, யாராலும் படிக்கப்படாமல் கிடந்தது. மாண்டல்பிரோட் அதைக் கண்டெடுத்தார். பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்ற 1967-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ரிச்சர்ட்சனின் அளவீடுகளைத்தான் அடித்தளமாக வைத்தார். பின்னம் பின்னமாக மடியும் வடிவங்களின் கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. சமீபத்தில் இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கிலோமீட்டரிலிருந்து 11,098 ஆகத் திருத்தப்பட்டபோது என் மாணவர்கள், "சார், கடல் உள்ள வந்துட்டா, நிலம் வெளிய போய்டுச்சா?" என்று கேட்டார்கள். புதிய அளவீடு நுணுக்கமான வரைபடத்தில் செய்யப்பட்டது, அவ்வளவுதான். போர்டில் நம் கடற்கரையை வரைந்து, ஸ்கேலாலும் பிறகு நூலாலும் அளக்கச் சொன்னேன். அந்த வருடம் நான் எடுத்த வகுப்புகளில் ஒழுங்காக அமைந்தது அதுதான்.

*

சுதந்திர ஆய்வாளர் என்ற சொல் கேட்க நன்றாக இருக்கிறது. அதன் விலையையும் சொல்ல வேண்டும். போர்களைப் பற்றிய அவருடைய இரண்டு பெரிய நூல்களையும் வெளியிடப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1940-களின் இறுதியில் அவரே அவற்றை நுண்படச் சுருளாக்கி விநியோகித்தார். படிக்க வேண்டுமென்றால் அதற்கான கருவி வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அவை அச்சுப் புத்தகங்களாக வந்தது 1960-ல், அமெரிக்காவில். அவர் 1953 செப்டம்பர் 30 அன்று தூக்கத்தில் இறந்து ஏழு வருடங்கள் கழித்து. டோரதி இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. படகில் துடுப்புப் போட்டதிலிருந்து, மூன்று முறை சம்பளத்தை உதறிவிட்டு வந்தவரோடு வீட்டை நடத்தியதுவரை. அவர் பெயரில் ஒரு எண் கிடையாது.

ஒரு நல்ல விஷயமும் நடந்தது. 1950-ல் அமெரிக்காவில் சார்னி, ஃபியோர்டாஃப்ட், வான் நாய்மன் மூவரும் எனியாக் கணினியில் முதல் வெற்றிகரமான வானிலைக் கணிப்பைச் செய்தார்கள். ஒரு நாளுக்கான கணிப்புக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது. சார்னி அதை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினார். ரிச்சர்ட்சன் வரைபடங்களை டோரதியிடம் கொடுத்து எது நிஜத்துக்கு நெருக்கம் என்று பார்க்கச் சொன்னார். பிறகு பாராட்டிப் பதில் எழுதினார். வைக்கோல் மேல் போட்ட கணக்கு வீண் போகவில்லை என்று தெரிந்துகொள்ள அவர் உயிரோடு இருந்தார்.

*

அப்பா 2021-ல் போனார். பன்னிரண்டு வருட நோட்டுகள் பீரோவின் மேல்தட்டில் இருந்தன. பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் பார்ப்போமே என்று எடுத்தேன். கோடை மாதங்கள் முழுக்க வரிசையாக 0, 0, 0. எனக்குச் சிரிப்பு வந்தது. மழை இல்லாவிட்டால் எழுதாமல் விட்டிருக்கலாமே. சின்ன வயதில் ஒருமுறை அதைக் கேட்டுமிருக்கிறேன். "எழுதலைன்னா மழை இல்லையா, அளக்கவே இல்லையான்னு எப்படிலே தெரியும்?" என்றார் அப்போது.

ரிச்சர்ட்சனின் அட்டவணை ஒன்று நினைவுக்கு வந்தது. 1820 முதல் 1929 வரை 110 வருடங்கள். பத்தாயிரம் அளவில் உயிர் குடித்த போர்கள் எந்தெந்த வருடம் தொடங்கின என்று எண்ணுகிறார். மூன்று போர்கள் தொடங்கிய வருடங்கள் 4. இரண்டு தொடங்கியவை 6. ஒன்று தொடங்கியவை 35. எதுவுமே தொடங்காத வருடங்கள் 65. மழைத்துளிகள் ஓட்டு மேல் விழுவதுபோல, முழுக்க முழுக்கத் தற்செயலாக விழுந்தால் என்ன எண்ணிக்கை வருமோ அதற்கு இது மிக அருகில் இருக்கிறது. உலகம் போரை நோக்கி ஓடுகிறது, அமைதியை நோக்கி ஓடுகிறது என்று சொல்பவர்கள் இருவருக்கும் அந்த அட்டவணையில் ஆதாரம் இல்லை. அந்த 65 வருடங்களையும் எண்ணியதால்தான் இதைச் சொல்ல முடிந்தது. ஒன்றும் நடக்காத வருடங்களை எந்த வரலாற்றுப் புத்தகமும் எண்ணுவதில்லை.

அப்பாவின் நோட்டில் ஒரே ஒரு நாள்தான் எண் இல்லாமல் இருந்தது. 2017 டிசம்பர் 1. முந்தின நாள் ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் பிய்த்துப் போட்டிருந்தது. எங்கள் கரையிலிருந்தும் கேரளக் கரையிலிருந்தும் கடலுக்குப் போன நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை. மழை கொட்டிய நாள் அது, 0 என்று எழுத முடியாது. ஊகித்து ஒரு எண்ணையும் எழுத அவருக்கு மனம் வரவில்லை. பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்: "டின் பறந்துவிட்டது. அளக்க முடியவில்லை."

நோட்டுகளைப் பேப்பர்காரருக்குப் போடவில்லை. அன்றிரவு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஐந்து வருடங்களுக்கு முன் நான் அழித்த நிரல் என்ன செய்ய முயன்றது, எந்த இடத்தில் விடை தவறியது என்று நினைவில் இருந்தவரை எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. தவறு எங்கே என்று இப்போதும் தெரியவில்லை. அதையும் கடைசி வரியில் எழுதி, வெளிநாட்டு நண்பனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். புது டின்னில் தண்ணீர் இல்லை. நோட்டில் தேதி போட்டு 0 என்று எழுதினேன்.